ஒருத்திக்கு மட்டும் வந்தது

வடகரப்பதி,
ஏப்ரல் மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் அன்சிலாவுக்கு, உன் அத்தா ஜப்பார் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். நான் அப்படி எழுதப் போவதில்லை. உன் அம்மா ஜொஹரா நலம். நான் நலம். கடை நடக்கிறது. இந்த மூன்றை மட்டும் எழுதிக்கொள்கிறேன். மற்றதை எழுதத்தான் காகிதம் வாங்கினேன்.

இதை உன் பெரியத்தா மகன் இக்பால் கொண்டுவருகிறான். வெள்ளிக்கிழமை விமானத்தில் தோஹா வருகிறான். அவன் அத்தாவோடு நான் பேசுவதில்லை என்பதால் அவனையும் உள்ளே விடமாட்டேன் என்று நினைத்து வாசலிலேயே நின்றான். கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்து, அன்சிலா கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். "அப்படி என்னங்க சின்னத்தா எழுதப்போறீங்க? ஏர்போர்ட்டுல என்னைப் புடிச்சு வெச்சுக்க மாட்டாங்களே?" என்கிறான். அவன் அத்தாவுக்கு இல்லாத நகைச்சுவை இவனுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உன் போன் எப்போதும் கூடத்து மேஜை மேல் எல்லோருக்கும் கேட்கும்படி இருக்கிறது. முதலில் உன் மாமியார் குரல் வருகிறது, அடுத்து மாப்பிள்ளை சஜ்ஜாத் குரல், கடைசியில்தான் நீ. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படி. உன் பெயருக்கு வந்த கடிதம் இது. தனியாகப் படிக்க உனக்கு உரிமை உண்டு.

நான்கு மாதமாக உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். மலைமேல் அந்தப் பள்ளிவாசல் ஊரில் டவர் இல்லை என்றது பொய். உன் அக்கா ஹஃப்ஸாவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றது பொய். அவள் ஜனவரியிலிருந்து நம் வீட்டில், நீங்கள் இருவரும் படுத்துவந்த மாடி அறையில்தான் இருக்கிறாள். அவளுக்கு மனச்சோர்வு நோய். டாக்டர் அப்படித்தான் சீட்டில் எழுதியிருக்கிறார். மருந்து சாப்பிடுகிறாள், தேறிவருகிறாள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மேலே படிக்கும்போது நீ பயந்துவிடக் கூடாது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று முதலில் கேட்டுக்கொண்டவர் சஜ்ஜாத் மாப்பிள்ளை. "மாமா, ரெண்டும் ஒண்ணாப் பொறந்ததுங்க. அக்காவுக்கு இப்படின்னு தெரிஞ்சா இவ அதையே நெனச்சு நெனச்சு இவளுக்கும் வந்துருமுங்க. புள்ள பொறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். பயத்தில் சொன்னார், கெட்ட எண்ணத்தில் இல்லை. உன் மாமியார் அதற்கு மேலே போனார். தன் மருமகளுக்கு அதெல்லாம் வராது, ஆனால் அந்த வார்த்தையை நாங்கள் வாயில் எடுக்கவே கூடாது என்றார். வராது என்றால் எடுப்பதில் என்ன தோஷம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரி என்று வாக்குக் கொடுத்தேன், உன் அம்மாவையும் கொடுக்கவைத்தேன். இன்று அந்த வாக்கை முறிக்கிறேன். அதற்காக அவர்கள் என்னிடம் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உங்களை வளர்த்த விதம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், என் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் ஒரே கருவாக உண்டாகிப் பிரிந்தவர்கள். இரட்டையில் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்தை இரண்டுக்கும் கொடுக்க வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், உன் அம்மாவும் அப்படியே செய்தாள். உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்து இரண்டு டம்ளரில் ஊற்றினாள். அம்மை வந்தது, இரண்டு பேருக்கும் வந்தது. ஒன்பது வயதில் நம் தீவனக் கடையில் அடுக்கிவைத்த தவிட்டு மூட்டை மேலிருந்து விழுந்து ஹஃப்ஸா கையை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட வந்த கருப்புசாமி வைத்தியர், நீ அழுத அழுகையைப் பார்த்துவிட்டு உன் நல்ல கைக்கும் மூங்கில் பத்தை வைத்து ஒரு கட்டுப் போட்டார். "ராவுத்தரே, என்ற ஆயுசுல ஒடையாத கைக்கு வைத்தியம் பண்றது இதுதானுங்க மொதல்" என்று அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

இருபத்தொன்பது வருடம் இப்படியே நடந்தால் மனதில் ஒரு சட்டம் எழுதப்பட்டுவிடும். ஒருத்திக்கு வந்தால் மற்றவளுக்கும் வரும். அந்தச் சட்டத்தை நானே திருப்பிப் போட்டுக்கொண்டேன். மற்றவளுக்கு வராதது இவளுக்கும் வந்திருக்காது என்று.

போன ஆடி மழையில் பள்ளிவாசல் ரோட்டோரம் ஹஃப்ஸாவின் மாப்பிள்ளை அஷ்கரின் கடைக்குப் பின்னால் மலை சரிந்தது உனக்குத் தெரியும். யாரும் சாகவில்லை. கடையும் அதன் பின்னால் அவர்கள் குடியிருந்த இரண்டு அறையும் மண்ணுக்குள் போயின. ஐந்து வாரத்தில் ஹஃப்ஸாவின் வயிற்றிலிருந்த நான்கு மாதக் கருவும் போனது. அதுவரை உனக்குத் தெரியும், போனில் நீயும் அழுதாய். அதற்குப் பிறகு நடந்தவைதான் உனக்கு மறைக்கப்பட்டவை.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தார்கள். அஷ்கர் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டப் போனார். விடிந்ததும் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மழை விடவில்லை. ஹஃப்ஸா பகல் முழுவதும் தனியாக இருந்தாள். முதலில் சமைப்பதை நிறுத்தினாள். பிறகு குளிப்பதை. பிறகு பேசுவதை. கூரையில் தண்ணீர் சத்தம் கேட்டாலே எழுந்து கதவருகில் போய் நின்றுகொள்வாளாம். அஷ்கர் எனக்குப் போன் செய்து, "மாமா, இவ இவளாவே இல்ல" என்றார். ஊரில் யாருக்குத்தான் பிள்ளை கலையவில்லை, யார் கடைதான் போகவில்லை, நீங்கள் இடம் கொடுக்கிறீர்கள் என்று அவரையே ஏசினேன்.

டிசம்பரில் நானே போனேன். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அப்போது நான் செய்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் நீயும் இருக்கிறாய்.

உனக்கு வீடியோவில் போன் செய்தேன். நினைவிருக்கும். நீ மீன் பொரித்துக்கொண்டிருந்தாய். போனை ஏதோ டப்பா மேல் சாய்த்துவைத்துவிட்டு, கையைத் துடைத்து, ஸ்கேன் படத்தை எடுத்துக் காட்டினாய். "அத்தா, இதுதான் மூக்காமுங்க. பாருங்க, உங்க மூக்கேதான், புள்ள பாவம்" என்று சிரித்தாய். அக்கா எங்கே என்று கேட்டாய். குளிக்கப் போயிருக்கிறாள் என்றேன். அவள் போனுக்குப் பின்னால், இரண்டு முழ தூரத்தில் இருந்தாள். உன் குரல் கேட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். நீ உண்டாகியிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

போனை வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன். "பாத்தியா? அதே ரத்தம். அதே வயசு. அவ எப்படி இருக்கறா, நீ எப்படிக் கெடக்கற? இது நோவு இல்ல, திமிரு."

"அவ நல்லா இருக்கறாளாங்க அத்தா?" என்று மட்டும் கேட்டாள். நல்லா இருக்கறா என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அன்று சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன்.

உன் சிரிப்பை எடுத்து உன் அக்காவை அடித்தேன், அன்சிலா. உன்னைக் கேட்காமல் எடுத்தேன். இதை எழுதாமல் மற்றவற்றை எழுதினால் இந்தக் கடிதமும் இன்னொரு பொய்யாகிவிடும்.

ஜனவரி முதல் வாரம் ஒரு காலையில், கடையில் கூட்டமாக இருந்த நேரம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. லயத்தில் குடியிருக்கும் எப்சிபா என்ற அம்மாள், கொழுந்து பறிக்கிறவர். "பெரியவரே, ஒம்ம மவ செருப்புகூட இல்லாம மழையில அணைக்கட்டுப் பக்கம் போய்க்கிட்டு இருந்தா. நாந்தான் கையப் பிடிச்சுக் கூட்டியாந்து என் வீட்டுல உக்கார வச்சிருக்கேன். நீரு அங்க புண்ணாக்கு வித்துக்கிட்டு இரும்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "திமிரு பிடிச்சவ இப்படியா மெலிஞ்சிருப்பா? நீரு போன மாசம் கத்தினது எங்க லயம் முழுக்கக் கேட்டுச்சு. வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போவும்" என்று வைத்துவிட்டார். அவள் எதற்காக அந்தப் பக்கம் போனாள் என்பதை நான் எழுதமாட்டேன். உனக்கே புரியும். இந்த எழுபது வயது வரை என்னை அப்படி ஏசியவர் வேறு யாரும் இல்லை. அந்த அம்மாளுக்குத் தினமும் துஆ செய்கிறேன்.

கடையில் யாரோ கூப்பிடுகிறார்கள். மழை இல்லாததால் எருத்தேன்பதிப் பக்கமெல்லாம் பச்சைப்புல் காய்ந்துவிட்டது, மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் தீவனத்துக்கு இங்கே வருகிறார்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை.

இரண்டு நாள் எழுத முடியவில்லை. எழுதப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. நாளை இக்பால் போகிறான், இன்று முடித்தாக வேண்டும்.

பாலக்காட்டில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மாதுரி என்று ஒரு டாக்டர். நம் பக்கத்துக்காரர்தான், அக்கிரகாரத்துத் தமிழ் பேசுகிறார். ஹஃப்ஸாவிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு என்னையும் உன் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். "உக்காருங்கோ ராவுத்தரே. உங்க குடும்பத்துல ஆருக்காவது இதுபோல வந்திருக்கோ?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன். எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி ரத்தம் கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

உன் அம்மா என்றும் இல்லாத வழக்கமாக எனக்கு முன்னால் வாயைத் திறந்தாள். "ஏனுங்க, நீங்க ரெண்டு வருசம் கடைப்பக்கமே போகாமப் படுத்துக் கெடந்தீங்களே, அதை என்னன்னு சொல்றது?" என்றாள்.

உங்களுக்கு அப்போது மூன்று வயது, நினைவிருக்காது. நானும் உன் பெரியத்தாவும் சேர்ந்து நடத்திய கடையை விட்டு அவர் பிரிந்துபோய், எனக்கு நேர் எதிரிலேயே அதே தீவனக் கடையைத் திறந்தார். என் கூடப் பிறந்த அண்ணன். அது துரோகம். அன்றும் துரோகம் என்றேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன். அந்தக் கோபத்தில் நான் படுத்தேன். உன் அம்மா உங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய்க் கடையைத் திறந்தாள். இதை டாக்டரிடம் விளக்கமாகச் சொன்னேன்.

உன் அம்மா விடவில்லை. "உங்கண்ணன் பண்ணுனது ஒரு நாளுங்க. நீங்க படுத்தது ரெண்டு வருசமுங்க. கோவம் வந்த மனுசன் எந்திரிச்சுச் சண்டைக்குப் போவானுங்க. நீங்க சோறு வேண்டாமுன்னு செவுத்தைப் பாத்துட்டுக் கெடந்தீங்க. இவளும் அப்படியேதான் கெடக்கறா" என்றாள். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். நான் எழுதவேண்டாம் என்றேன். அவர் எழுதினார்.

நான் அதோடு விடவில்லை, வாதாடினேன். நாலாவது வரைதான் படித்தவன் என்றாலும் யாரும் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிற ஆள் நான் இல்லை. ரத்தத்தில் வருகிறது என்றால் அன்சிலாவுக்கும் அதே ரத்தம்தானே, அவள் நிமிர்ந்து நிற்கிறாளே என்று கேட்டேன். இல்லை, துக்கத்தில் வருகிறது என்றால் அஷ்கருக்கும் அதே துக்கம்தானே, போனது அவர் கடை, அவர் பிள்ளை, அவர் ஜீப் ஓட்டுகிறாரே என்று கேட்டேன். மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "நன்னா கேட்டேள். இப்போ நீங்களே பதிலும் சொல்லிட்டேள், கேட்டேளா" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் புரிந்தது. அன்சிலாவிடம் ரத்தம் இருக்கிறது, அந்த அடி விழவில்லை. அஷ்கர் மேல் அடி விழுந்தது, அந்த ரத்தம் இல்லை. இரண்டும் வந்து சேர்ந்தது ஹஃப்ஸாவிடம் மட்டும்தான்.

அடுத்த முறை போனபோது இதை அவரிடம் சொன்னேன். ஏறத்தாழ சரி, ஆனால் அவ்வளவு நேர்க்கோடு இல்லை என்றார். அந்த ரத்தம் என்று தனியாக ஒன்று இல்லையாம். பிறக்கும்போதே உடம்பில் எழுதிவருகிற சின்னச் சின்ன வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒருவரை மற்றவரைவிடக் கொஞ்சம் சாய்வாக நிறுத்துகின்றனவாம். இழப்பு, தனிமை, பயம், தூக்கமின்மை எல்லாம் அந்தச் சாய்வின் மேல் ஏறும் பாரம். சாய்வு இருக்கிறவர் எல்லோரும் விழுவதில்லை, சாய்வு இல்லாதவரும் பாரம் கூடினால் விழலாம், ஆகவே அஷ்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் நடக்கிறதாம். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வராமல் போவதே அதிகம் என்றார். ஆனால் ஊரில் மற்றவர்களுக்கு வருவதைவிட அவருக்கு வர வாய்ப்பு கூடுதல் என்றும் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்து அன்சிலாவுக்கு வருமா வராதா என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அப்படி ஒரு பரிசோதனை இல்லை என்றார். அவர் சொன்னது சரியா என்று நம் ஊர் நூலகத்தில், வாயனசாலையில், இருக்கும் அனுப்பிரியாவைக் கம்ப்யூட்டரில் தேடித் தமிழில் படித்துக்காட்டச் சொன்னேன். மூன்று சாயங்காலம் படித்தாள். டாக்டர் சொன்னதைத்தான் அதிலும் போட்டிருக்கிறது.

எனக்கு இது புதிய பாடம் இல்லை. ஒரே செக்கில் ஒரே நாள் ஆட்டிய புண்ணாக்கு இரண்டு மூட்டை வாங்கிவந்து, ஒன்றைப் பலகை மேலும் ஒன்றை ஈரச் சுவரை ஒட்டியும் வைத்தால் எது பூசணம் பிடிக்கும் என்று ஐம்பது வருடமாக எனக்குத் தெரியும். பூசணம் பிடித்த மூட்டையைப் பார்த்துத் திமிர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் செய்தேன். சொன்னால் நீ சிரிப்பாய். ஹஃப்ஸாவுக்கு எழுதிய மாத்திரையை உனக்கும் எழுதிக்கொடுக்கச் சொன்னேன். இக்பால் மூலம் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் வழக்கம் என்று விளக்கினேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நோய் வராத ஆளுக்கு, அதுவும் பார்க்காத கர்ப்பிணிக்கு, மாத்திரை எழுதமாட்டேன் என்றார். "அன்சிலாவுக்கு இது தெரியுமோ?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். "கொள்ளாமே, நன்னாருக்கே. கீழாநெல்லி தொடங்கி எல்லாத்தையும் ரெண்டு பேருக்கும் குடுத்தேள். இந்தச் சேதியை மட்டும் ஏன் ஒருத்திக்குக் குடுக்கலை?" என்றார். அவர் கேட்டது சரிதான். ஆனாலும் அன்றே எழுதிவிடவில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது.

எழுதவைத்தவள் ஹஃப்ஸாதான். மாத்திரை தொடங்கி ஐந்தாறு வாரத்தில் தூங்க ஆரம்பித்தாள். வாரம் ஒருநாள் பாலக்காட்டுக்குப் போய் மனநல ஆலோசனை சொல்லும் ஒரு அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறாள். என்ன பேசுகிறாய் என்று நான் கேட்பதில்லை. அஷ்கர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலையிறங்கி வருகிறார், வந்தால் அவளுக்குத் தலை வாரிவிடுகிறார். போன மாதம் ஒரு மத்தியானம் அவளே கீழே இறங்கிவந்து உன் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். நான் பார்க்காததுபோல் பேப்பர் படித்தேன்.

போன ஞாயிறு, நீ போனில் பேசி முடித்த பிறகு, அவள் என்னிடம் கேட்டாள். "அவகிட்டச் சொல்லீட்டீங்களாங்க அத்தா?" இல்லை என்றேன். "நான் சிரிக்கலைன்னு என்னைத் திட்டுனீங்க. புள்ள பொறந்து அவ சிரிக்காம உக்காந்தா அவளை என்னன்னு சொல்லுவீங்க? திமிருன்னா? அவளுக்கே என்னன்னு தெரியாமப் போயிருமே. எனக்குத் தெரியாமப் போன மாதிரி" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. தனக்காகப் பேசவில்லை, உனக்காகப் பேசினாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியதை எழுதுகிறேன். இது உன் அத்தா உத்தரவு என்றே வைத்துக்கொள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உன் டாக்டரிடம் சொல். என் கூடப் பிறந்த இரட்டைக்கு இந்த நோய் வந்திருக்கிறது என்று சொல். பிரசவத்துக்குப் பிறகான மாதங்கள்தான் கவனிக்க வேண்டியவை என்று மாதுரி டாக்டர் சொன்னார். தூக்கம் கெடும், உடம்பு கலைந்திருக்கும், ஊர் வேறு தூரம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருட்டாகவே இருந்தால், பிள்ளையைப் பார்த்தும் ஒன்றும் தோன்றாவிட்டால், இல்லாமல் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தாலும், அன்றே சொல்ல வேண்டும். வெட்கப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சீக்கிரம் சொன்னால் சீக்கிரம் தேறும். ஹஃப்ஸாவை நான் மாதக்கணக்கில் தாமதப்படுத்தினேன். வரும் என்று சொல்லவில்லை, அன்சிலா. வராமலே போகலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வந்தால் தட்ட வேண்டிய கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று உன் டாக்டரும் கேட்பார். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது கோபம் என்றுதான் இன்றும் சொல்வேன், உன் பெரியத்தா செய்ததை இந்த ஜென்மத்தில் மறக்கவும் மாட்டேன். ஆனால் நீ என்னைக் கேட்காதே, உன் அம்மா சொன்னதைச் சொல். என் அத்தாவுக்கு நாற்பத்து நான்கு வயதில் வந்தது, இரண்டு வருடம் இருந்தது, யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை என்று சொல். அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நான் தடுக்கமாட்டேன்.

சஜ்ஜாத் மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். காட்டினால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறவர் அவர்தான், உன் முகம் மாறினால் முதலில் அவர் கண்ணில்தான் படும். மாமனார் வாக்கு மீறிவிட்டார் என்று ஏசினால் ஏசட்டும், கேட்டுக்கொள். ஜூன் மாதம் உன் அம்மா அங்கே வருவாள். விசாவுக்கு மாப்பிள்ளையைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். உன் மாமியார் இருக்கிறாரே, இன்னொருவர் எதற்கு என்று சொன்னால், ராத்திரிப் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள இன்னும் இரண்டு கை வேண்டும், அன்சிலா தூங்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல். இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

உன் அம்மா மாங்காய் ஊறுகாயும் எள்ளுருண்டையும் கட்டிக்கொடுத்திருக்கிறாள். ஊறுகாயில் எண்ணெய் அதிகம், நிமிர்த்தியே வை.

கடைசியாக ஒன்று. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு உன் மாமியார் கண்ணயர்வார் என்று நீ சொல்லியிருக்கிறாய். இங்கே அப்போது மூன்றரை மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஹஃப்ஸாவின் போனுக்குக் கூப்பிடு. எண் பழையதுதான், போன் தண்ணீரில் விழவில்லை. அவள் அதிகம் பேசமாட்டாள். நீ பேசவைக்கப் பார்க்காதே. உனக்கு அழவேண்டும் என்றால் அழு, வயிற்றுப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் சொல், அவள் கேட்க விரும்புகிறாள். டிசம்பரில் நான் செய்ததை அவளிடம் நீ கேட்டாலும் சரி, என்னைப் பற்றி இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டாலும் சரி. நான் அந்த அறையில் இருக்கமாட்டேன். ஞாயிறு என்றாலும் கடையைத் திறந்து அங்கே உட்கார்ந்திருப்பேன். உன் அம்மாவையும் கூட்டிப்போய்விடுவேன்.

நீங்கள் பிறந்த நாளிலிருந்து உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே துஆதான் கேட்டு வந்தேன். இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். இப்போது சில நாளாகத் தனித்தனியாகக் கேட்கிறேன். முதலில் ஹஃப்ஸாவுக்கு, அவளுக்கு என்ன வேண்டுமோ அது. கொஞ்சம் நிறுத்திவிட்டு உனக்கு, உனக்கு என்ன வேண்டுமோ அது. நேரம் அதிகமாகிறது, முழங்கால் வலிக்கிறது. பரவாயில்லை. அல்லாஹ் இரண்டையும் தனித்தனியாகவே கேட்டுக்கொள்ளட்டும்.

உன் அத்தா,
ஜப்பார்.